வரலாம் என்பதும் வரும் என்பதும்

வானத்தைப் பார்த்து மழையை முன்னுரைப்பது நம் நாட்டில் இன்று தோன்றிய வழக்கம் அன்று. எறும்புகள் முட்டைகளைச் சுமந்து மேட்டை நோக்கி ஏறுவதையும், தும்பிகள் தாழப் பறப்பதையும், நிலவைச் சுற்றி வட்டம் கட்டியிருப்பதையும் கண்டு, "இன்னும் இரண்டு நாளில் மழை" என்று கூறும் முதியவர் ஒருவரேனும் அந்நாளில் ஊர்தோறும் இருந்தார். அவர் கூற்று பலித்தால் ஊர் புகழும்; பொய்த்தால் சிரிக்கும். அவரோ இரண்டையும் ஒன்றுபோல் ஏற்றுக்கொண்டு மறுநாளும் வானத்தைப் பார்ப்பார்.

அம்முதியவரின் இடத்தில் இன்று இளைஞர்கள் பலர் இருக்கின்றனர். வானிலை ஆர்வலர் என்று செய்தித்தாள்கள் இவர்களைக் குறிப்பிடுகின்றன. இவர்கள் வானிலைத் துறையில் பணிபுரிவோர் அல்லர். இதற்கென ஊதியம் பெறுவோரும் அல்லர். ஆர்வம் ஒன்றே இவர்களுடைய முதல். ஐப்பசி பிறந்துவிட்டால் வங்கக் கடலில் மேகம் திரள்கிறதா, சுழல்கிறதா, எத்திசை நோக்கி நகர்கிறது என்று இரவும் பகலும் நோக்கிக்கொண்டிருப்பர். எம் இல்லத்திலும் அத்தகைய ஒருவன் உண்டு. அவன் எம் பேரன். மேல்நிலைப் பள்ளியில் பயில்பவன். மாடியில் ஒரு மழைமானி வைத்து, நாள்தோறும் காலை எட்டரை மணிக்கு அளந்து, நோட்டுப் புத்தகத்தில் குறித்து வருகிறான். வானிலைத் துறையினர் அளக்கும் நேரமும் அதுவே.

இவ்வார்வம் பற்றி எம் உள்ளத்தில் ஒரு வினா எழுந்தது. புயல் என்பது உயிர்களுக்குத் துன்பம் தருவது. அது உருவாகுமா என்று ஆவலோடு காத்திருப்பதும், உருவாகவில்லை என்றால் முகம் வாடுவதும் அறத்திற்கு உடன்பாடு ஆகுமா? கையால் ஒரு புழுவையும் நசுக்காதவர் மனத்தால் ஒரு புயலை விரும்பினால், அது ஹிம்சையில் சேராதா? இவ்வினாவுக்கு விடை தேடப் புகுந்த யாம், தேடிய இடத்தில் அன்றி வேறோர் இடத்தில் குற்றத்தைக் கண்டோம். கண்டதை மறையாது எழுதுகிறோம்.

புயலும் அதன் ஐயப்பாடும்

முதலில் இவ்வார்வலர் நோக்குவது யாது என்பதைச் சிறிது அறிந்துகொள்வோம். கடலின் மேற்பரப்பு சுமார் 26.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பம் கொண்டிருக்கும்போது, அங்கிருந்து எழும் நீராவி மேலே சென்று குளிர்ந்து மேகமாகிறது. அப்போது வெளிப்படும் வெப்பம் காற்றை இன்னும் மேலே உந்துகிறது. கீழே அழுத்தம் குறைகிறது. குறைந்த இடத்தை நோக்கி நாற்புறத்திலிருந்தும் காற்று விரைகிறது. பூமியின் சுழற்சி அக்காற்றைத் திருப்புவதால் சுழல் உண்டாகிறது. ஆனால் இவையெல்லாம் அமைந்தும் புயல் தோன்றாமற் போவதுண்டு. மேலடுக்குக் காற்றும் கீழடுக்குக் காற்றும் வெவ்வேறு வேகத்தில், வெவ்வேறு திசையில் வீசினால் சுழலின் தலை ஒருபுறமும் உடல் ஒருபுறமுமாகச் சாய்ந்துவிடும். வறண்ட காற்று உட்புகுந்தால் மேகம் கலைந்துவிடும்.

இந்திய வானிலை ஆய்வுத் துறை காற்றின் வேகத்தைக் கொண்டு இவற்றைத் தரம் பிரிக்கிறது. மணிக்கு 31 முதல் 49 கிலோமீட்டர் வரை வீசினால் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 50 முதல் 61 வரை ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 62 ஐத் தொட்டால் புயல். புயல் என்று ஆன பின்னரே அதற்குப் பெயர் சூட்டப்படும். பெயர்களோ முன்னரே பட்டியலில் காத்திருக்கின்றன. ஆகவே பிறவாத பிள்ளையைப் பெயர் சொல்லி அழைப்பதுபோல், புயல் பிறக்கும் முன்பே மக்கள் அதன் பெயரைப் பேசத் தொடங்கிவிடுகின்றனர்.

இக்காலத்தில் கணிப்பொறி கொண்டு கணக்கிடுகின்றனரே, அவ்வாறாயின் ஐயம் ஏன் என்று கேட்கலாம். 1961 ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் எட்வர்டு லோரன்ஸ் என்பவர் கணிப்பொறியில் வானிலைக் கணக்கு ஒன்றை மீண்டும் இட்டுப் பார்த்தார். முன்பு 0.506127 என்று இருந்த எண்ணை இம்முறை 0.506 என்று சுருக்கி இட்டார். தொடக்கத்தில் இரண்டு கணக்கும் ஒன்றாகவே சென்றன. பின்னர் மெல்லப் பிரிந்து, இறுதியில் ஒன்றுக்கொன்று தொடர்பே அற்றனவாயின. இன்றைய வானிலையை எவ்வளவு நுணுக்கமாக அளந்தாலும் அளவையில் ஒரு சிறு குறை இருந்தே தீரும். நாள் செல்லச் செல்ல அச்சிறு குறையே பெருகும். இதனை உணர்ந்த அறிஞர், இப்போது ஒரு கணக்கோடு நிற்பதில்லை. ஐரோப்பிய வானிலை மையம் தொடக்க நிலையைச் சிறிது சிறிது மாற்றி ஐம்பது முறை கணக்கிடுகிறது. ஐம்பதில் நாற்பது ஒரு திசையைக் காட்டினால் நம்பிக்கை மிகும்; இருபத்தைந்து ஒரு திசையும் இருபத்தைந்து வேறு திசையும் காட்டினால் அடக்கம் வேண்டும். "வரலாம்" என்று வானிலையாளர் கூறும்போது, அச்சிறு சொல்லின் பின்னே இத்தனை உழைப்பு இருக்கிறது.

2024 ஆம் ஆண்டின் கார்த்திகை

2024 நவம்பர் இறுதியில் நிகழ்ந்ததை நம் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் நம்மவர் வாழும் சிற்றூர்கள் பல அதில் துன்புற்றன.

நவம்பர் 25 ஆம் நாள் தென்கிழக்கு வங்கக் கடற்பகுதியில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் அமைந்தது. மறுநாள் அது ஆழ்ந்த தாழ்வு மண்டலம் ஆயிற்று. 27 ஆம் நாள் புயலாகலாம் என்றனர், ஆகவில்லை. இலங்கையின் கிழக்குக் கரையை ஒட்டி மெல்ல நகர்ந்தது. புயலாயிற்றா, இல்லையா என்று இங்குப் பேசிக்கொண்டிருந்த அந்நாட்களிலேயே, இலங்கையில் வெள்ளத்தால் பத்துக்கும் மேற்பட்டோர் உயிர் இழந்துவிட்டனர். 28 ஆம் நாளும் 29 காலையும், அது தாழ்வு மண்டலமாகவே கரை கடக்கக்கூடும் என்ற கருத்து நிலவியது. ஆயினும் கனமழை எச்சரிக்கை நீக்கப்படவில்லை. 29 பிற்பகலில் அது புயலாயிற்று. சவூதி அரேபியா அளித்த ஃபெஞ்சல் என்னும் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது.

30 ஆம் நாள் சனிக்கிழமை இரவு புதுச்சேரிக்கு அருகே அது கரை கடந்தது. கடந்தபின் விரைந்து செல்லாமல் பல மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. வடகிழக்குப் பருவத்தின் மூன்று மாதங்களிலும் சேர்த்துத் தமிழகத்தின் சராசரி மழையே சுமார் 44 சென்டிமீட்டர் என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் கொடுமை விளங்கும். டிசம்பர் 1 ஆம் நாள் புயல் வலுவிழந்து மீண்டும் தாழ்வு மண்டலம் ஆயிற்று. அவ்வாறு புயல் என்னும் பெயரை அது இழந்தபின், அன்று மாலையில்தான் திருவண்ணாமலையில் மலைச்சரிவு ஏற்பட்டு, சிறுவர்கள் உட்பட ஏழு பேர் மண்ணில் புதைந்து மாண்டனர். சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேலாக நீர் திறக்கப்பட்டுத் தென்பெண்ணைக் கரையூர்கள் வெள்ளத்தில் மூழ்கியதும் அதன் பின்னரே.

காற்றின் வேகத்தை மட்டும் கொண்டு பார்த்தால் ஃபெஞ்சல் சிறிய புயல். புயலாகும் முன்னும் அது கொன்றது. புயல் அல்லாது போன பின்னும் கொன்றது. "புயலா, இல்லையா" என்ற ஒரே வினாவை நாம் கேட்டுக்கொண்டிருந்தோம். மழையோ அவ்வினாவின் விடைக்குக் காத்திருக்கவில்லை.

எம் இல்லத்தில் நிகழ்ந்தது

அந்நாட்களில் எம் பேரன் உறங்கியதே குறைவு. செயற்கைக்கோள் படங்களையும், சென்னை, காரைக்கால் ரேடார் படங்களையும் மாறி மாறி நோக்குவான். 28 ஆம் நாள் மாலை அவன் முகம் வாடியிருந்தது. காரணம் கேட்டோம்.

"புயல் ஆகாது போலிருக்கிறது, பாட்டி" என்றான்.

எமக்குச் சினம் வந்தது. "ஊர் அழிய வேண்டும் என்றா விரும்புகிறாய்? இதுவா நாங்கள் உனக்குக் கற்றுக் கொடுத்த தர்மம்?" என்று கடிந்து கூறினோம்.

அவன் தலைகுனிந்து, "அப்படி இல்லை, பாட்டி. 27 ஆம் தேதியே புயலாகும் என்று நோட்டில் எழுதி வைத்தேன். அது பொய்யாகிவிட்டதே என்றுதான் வருத்தம்" என்றான். பிறகு தானே தொடர்ந்து, "புயல் ஆகாவிட்டாலும் மழை உண்டு. கரைக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டால் மிகவும் பலமாகப் பெய்யும். எங்கே நிற்கும் என்பதை இப்போது சொல்ல முடியாது" என்றும் கூறினான். அவனைக் கடிந்துகொண்ட நிறைவில் இருந்த எம் செவியில் அப்பின்பகுதி நன்கு ஏறவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை, மயிலத்திற்கு அணித்தான சிற்றூர் ஒன்றில் வாழும் எம் இளைய சகோதரர் தொலைபேசியில் அழைத்தார். எழுபது வயதைக் கடந்தும் கழனி வேலையை விடாதவர். "அக்கா, புயல் என்கிறார்களே, தம்பி என்ன சொல்கிறான்?" என்று கேட்டார். பேரனின் கணிப்பில் அவருக்கு நம்பிக்கை மிகுதி. பேரன் பள்ளிக்குச் சென்றிருந்தான். யாமே விடை கூறினோம்: "புயல் ஆகாதாம். பலவீனமாகிவிடுமாம். பயமில்லை."

பேரன் கூறியது, "ஆகாது போலிருக்கிறது, ஆனால் பலத்த மழை பெய்யலாம்" என்பது. யாம் அறிவித்தது, "ஆகாது, பயமில்லை" என்பது. இடையில் இருந்த "போலிருக்கிறது" எங்கே சென்றது? "ஆனால்" எங்கே சென்றது? "பயமில்லை" என்ற சொல் எங்கிருந்து வந்தது? அதனை எவரும் எமக்குக் கூறவில்லை. சகோதரரின் கவலையைப் போக்க வேண்டும் என்ற அன்பினால் யாமாகவே சேர்த்தது அது.

பிற்பகலில் புயல் உருவாயிற்று என்று வானொலியில் கேட்டோம். அப்போதேனும் மீண்டும் அழைத்திருக்கலாம். தொலைபேசியைக் கையில் எடுத்தும் வைத்துவிட்டோம். காலையில் ஒன்று கூறி மாலையில் வேறொன்று கூறுவதா என்ற கூச்சம் தடுத்தது. "அவர்களும் வானொலி கேட்பார்கள்" என்று மனத்திற்கு அமைதி கூறிக்கொண்டோம். சனிக்கிழமை காலை அழைத்தபோது தொடர்பு கிடைக்கவில்லை. அங்கு மின்சாரம் நின்றுவிட்டது.

ஓடையை ஒட்டிய கழனிக் கொட்டகையில் மார்கழிப் பட்டத்திற்கென வைத்திருந்த விதை மணிலா மூட்டைகள் இருந்தன. பசுவும், ஈன்று இருபது நாளான அதன் கன்றும் அங்கேயே கட்டப்பட்டிருந்தன. வழக்கமாகப் பெருமழை என்றால் அவற்றை வீட்டுத் திண்ணைக்கு ஓட்டி வந்துவிடுவார்கள். இம்முறை ஓட்டவில்லை. சனிக்கிழமை நள்ளிரவில் ஓடை கரைபுரண்டபோது கொட்டகைக்குச் செல்ல வழி இல்லை. பசு கயிற்றை அறுத்துக்கொண்டு மேட்டில் ஏறித் தப்பியது. கன்றினால் இயலவில்லை.

நான்கு நாள் சென்று தொடர்பு கிடைத்தபோது சகோதரர் இவற்றைக் கூறினார். யாம் பேச்சற்று நின்றோம். "நீங்கள் என்ன செய்வீர்கள், அக்கா? வினை, விடுங்கள்" என்று அவரே எமக்கு ஆறுதல் கூறினார். அவர் ஒரு சொல் கடிந்திருந்தால் எம் நெஞ்சு சிறிது ஆறியிருக்கும்.

குற்றம் எங்கே?

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு வருவோம். பிறர் துன்பத்தில் மனம் களிப்பதை ரௌத்திரத் தியானத்தின் ஒரு வகையாக, ஹிம்சானந்தம் என்று நம் ஆசிரியர்கள் வகுத்துள்ளனர். பயன் ஏதுமின்றிப் பிறர்க்குக் கேடு நினைப்பதை அநர்த்த தண்டத்தில் ஒன்றாகக் கூறி, அதனை விலக்குவது இல்லறத்தார் விரதம் என்றும் விதித்துள்ளனர். எம் பேரனின் வாட்டம் இவற்றில் சேருமா? எவரேனும் ஒருவர் வெள்ளத்தையும் அழிவையும் கண்டு மகிழ்வதற்காகவே புயலை விரும்புவாராயின், அது சேரும், ஐயமில்லை. ஆனால் அவனது வாட்டம் அவ்வகையினது அன்று. தன் கணிப்பு பொய்த்ததே என்பதுதான் அவன் வருத்தம். அது கொடுமை அன்று. மானம் என்னும் கஷாயம். தான் கூறியது நிலைபெற வேண்டும் என்ற பற்று.

இப்பற்றை யாம் அறியாதவர் அல்லோம். ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில், ஆண்டின் தொடக்கத்திலேயே, "இவன் தேறமாட்டான்" என்று ஒரு மாணவனைப் பற்றி ஆசிரியர் அறையில் கூறியதுண்டு. அவன் தேறிவிட்டான். தேர்ச்சிப் பட்டியலில் அவன் பெயரைக் கண்டபோது மகிழ்ந்தோம் என்று எழுத விரும்புகிறோம். முதலில் தோன்றியது மகிழ்ச்சி அன்று. ஒரு சிறு கசப்பு. அதன் பின்னரே மகிழ்ச்சி வந்தது. அம்மாணவனுக்கு யாம் கேடு விரும்பினோமா? இல்லை. எம் சொல்லின் மீது வைத்த பற்று, ஒரு கணம், அவன் நன்மையின் மீது வைத்த அன்பை முந்திவிட்டது. நோயைக் கணிக்கும் மருத்துவர்க்கும், வழக்கின் முடிவைக் கணிக்கும் வழக்கறிஞர்க்கும், மழையைக் கணிக்கும் ஆர்வலர்க்கும் இவ்வழுக்கல் பொதுவானது.

இதற்கு மருந்து கணிப்பதை நிறுத்துவது அன்று. கணிக்காதிருந்தால் காப்பதும் இயலாது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டதையும், 1977 நவம்பரில் ஆந்திரக் கரையில் ஆயிரக்கணக்கானோர் மாண்டதையும் எம் தலைமுறையினர் அறிவர். 1999 இல் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் சுமார் பத்தாயிரம் பேர் இறந்தனர். 2013 இல் பைலின் புயல் அதே மாநிலத்தைத் தாக்கியபோது முன்னரே பல லட்சம் மக்கள் பாதுகாப்பான இடங்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். இறந்தோர் தொகை நூறை எட்டவில்லை. இடைப்பட்ட பதினான்கு ஆண்டுகளில் புயலின் இயல்பு மாறிவிடவில்லை. முன்னறிவும் முன்னேற்பாடும் மாறின. வானத்தை நோக்குபவர் கண்ணில் காருண்யம் இருக்குமாயின், அந்நோக்கும் ஒரு ஜீவ ரக்ஷையே.

ஆகவே ஆர்வலரின் உள்ளத்திற்கு ஓர் உரைகல் போதும். தீமை வரும் என்று கணித்த கணிப்பு பொய்க்கும்போது அவர் மகிழ முடிகிறதா? முடியுமாயின் அவர் ஆர்வம் தூயது. முடியவில்லையாயின் அவர் இன்னும் பயில வேண்டும்.

எம் குற்றமோ இதனினும் பெரிது. பிரமாதம் என்னும் கவனமின்மையோடு கூடிய செயலால் உயிர்க்கு ஊறு நேர்வதே ஹிம்சை என்று தத்வார்த்த சூத்திரம் இலக்கணம் வகுக்கிறது. கத்தியை எடுப்பதில் மட்டும் அன்று, சொல்லை எடுப்பதிலும் கவனம் வேண்டும். யாம் பொய் சொல்ல எண்ணவில்லை. தீங்கு எண்ணவும் இல்லை. ஆயினும் "லாம்" என்ற ஓர் ஈற்றை விட்டுவிட்டோம். அவ்வீறு இருந்திருந்தால் எம் சகோதரர் கன்றை அவிழ்த்து ஓட்டி வந்திருப்பார். மாலையில் திருத்திக் கூறாமல் எம்மைத் தடுத்ததும், யாம் பேரனிடம் கண்ட அதே மானம்தான். அவனை முந்தைய நாள் அதன்பொருட்டே கடிந்தவர் யாம்.

சியாத் என்னும் சொல்

சியாத்வாதத்தை ஐயவாதம் என்று பிற சமயத்தார் சிலர் முன்னாளில் பழித்தனர். "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்று மழுப்புவதே உங்கள் கொள்கை" என்றனர். நம் ஆசிரியர்கள் அதனை மறுத்துள்ளனர். சியாத் என்பது ஐயத்தைக் குறிக்கும் சொல் அன்று. "ஒரு வகையால்" என்று பொருள்படுவது. எவ்வகையால் நோக்கி இதனைக் கூறுகிறேன் என்பதையும் உடன் உணர்த்துவது. அறியாமையின் அடையாளம் அன்று, அறிவின் எல்லைக்கல்.

நவம்பர் 29 காலையில் வங்கக் கடலில் இருந்தது புயலா? காற்றின் வேகத்தை நோக்கினால், புயல் அன்று. இலங்கையில் அது விளைத்ததை நோக்கினால், ஏற்கெனவே பேரிடர். நகரும் வேகத்தை நோக்கினால், நின்று பெய்யக்கூடிய அச்சம் உடையது. இவை ஒன்றையொன்று மறுப்பன அல்ல. எம் சகோதரர்க்குத் தேவைப்பட்டது இரண்டாவதும் மூன்றாவதும். யாம் கொடுத்தது முதலாவதை மட்டும். அதனையும் முழு உண்மை போல. ஒரு நோக்கினை முழு உண்மையாகக் கொள்வதை ஏகாந்தம் என்று மற்றவரைக் குறை கூறுவது நமக்கு எளிது. தொலைபேசியில் நாம் பேசும் ஒரு நிமிடப் பேச்சில் அதனை விலக்குவது எளிதன்று.

ஐம்பது முறை கணக்கிடும் இக்கால முறையை அன்றே நம் முன்னோர் கண்டுவிட்டனர் என்று உரிமை கொண்டாட யாம் முற்படவில்லை. அது கணிதம், இது தத்துவம். இரண்டிற்கும் பொதுவாக உள்ளது ஒரு நேர்மை மட்டுமே: அறிந்ததை அறிந்த அளவில் கூறுதல்.

இதன் மறுபக்கத்தையும் கூற வேண்டும். 2016 டிசம்பர் தொடக்கத்தில் நாடா என்னும் புயல் கரையை அணுகும்போது வலுவிழந்து, காரைக்கால் அருகே தாழ்வு மண்டலமாகக் கரை கடந்தது. அஞ்சிய அளவு சேதம் இல்லை. பத்தே நாளில், டிசம்பர் 12 ஆம் நாள், வர்தா புயல் சென்னையைத் தாக்கி ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. "வரலாம்" என்றதை "வரும்" என்று கேட்டவர், நாடா வலுவிழந்தபோது, "இவர்கள் எப்போதும் இப்படித்தான்" என்பர். அவ்வாறு கூறியவர் வர்தாவின்போது எச்சரிக்கைக்குச் செவி கொடுப்பாரா? சொல்பவர் "லாம்" என்பதை விடுவது ஒரு பிழை என்றால், கேட்பவர் அதனைக் கேளாதிருப்பது மற்றொரு பிழை. பிழை எதுவாயினும் வெள்ளத்தில் செல்வது உயிரே.

நாம் செய்யத்தக்கது

எனவே நம் குடும்பத்தார்க்கு எம் பட்டறிவிலிருந்து சிலவற்றைக் கூற விரும்புகிறோம். மழைக்காலத்தில் ஊரிலிருந்து ஒருவர் கேட்டால், முதலில் வானிலைத் துறையின் எச்சரிக்கையை உள்ளவாறு கூறுங்கள். "லாம்", "கூடும்" என்பனவற்றை உதிர்க்காதீர்கள். ஆறுதல் கூற வேண்டுமாயின் அதனைத் தனியே கூறுங்கள், செய்தியோடு கலக்காதீர்கள். செய்தி மாறினால், கூச்சமின்றி மீண்டும் அழைத்து, "காலையில் சொன்னது மாறிவிட்டது" என்று கூறுங்கள். காலையில் கூறியதை மாலையில் திருத்துவது இழுக்கு அன்று, திருத்தாதிருப்பதே இழுக்கு. நீங்கள் கேட்பவராயின், "வராமலும் போகலாமே" என்று இருந்துவிடாதீர்கள். கன்றை அவிழ்த்து மேட்டில் கட்டுவதற்குச் செலவு ஒன்றுமில்லை. மழை வராவிட்டால் மறுநாள் அவிழ்த்துக் கொண்டு செல்லலாம்.

ஆர்வமுள்ள பிள்ளைகளைக் கடியாதீர்கள். அவர்கள் அளக்கும் மழை பயனுள்ள அளவை. அவர்களிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: "நீ கணித்தது நடக்காவிட்டால் மகிழ்வாயா?" அவ்வினாவை அவர்கள் தமக்குத் தாமே கேட்கப் பழகிவிட்டால் நம் கடமை நிறைவுற்றது.

கன்றைப் பற்றி எம் பேரனிடம் யாமே கூறினோம். "நான் சொன்னதை நீங்கள் முழுதாகச் சொல்லியிருக்கலாமே, பாட்டி" என்று அவன் கேட்பான் என்று எதிர்பார்த்தோம். கேட்கவில்லை. நெடுநேரம் மௌனமாக இருந்துவிட்டு, "நானே மாமா தாத்தாவிடம் பேசியிருக்க வேண்டும்" என்றான். அன்று அவன் நோட்டில் மழையளவுக்குக் கீழே ஏதோ எழுதினான். யாம் அதனைப் படிக்கவில்லை.

அடுத்த ஆண்டுப் பருவமழையில் மீண்டும் ஒரு தாழ்வு நிலை கடலில் தோன்றியபோது, அவன் எம்மிடம் வந்து, "பாட்டி, இது ஒன்றுமில்லாமலும் போகலாம். அப்படிப் போனால் நல்லது. ஆனால் இன்னும் இரண்டு நாள் பார்க்க வேண்டும்" என்றான். யாம் உடனே தொலைபேசியை எடுத்து எம் சகோதரரை அழைத்து, அம்மூன்று வாக்கியங்களையும் ஒரு சொல்லும் குறையாமல், ஒரு சொல்லும் கூட்டாமல் கூறினோம். அவர் சிரித்து, "என்ன அக்கா, பாடம் ஒப்பிப்பது போல் இருக்கிறதே" என்றார். ஆம், பாடம்தான், எழுபது வயதிற்கு மேல் யாம் கற்றது.

உயிர்கள் யாவும் நலம் பெறுக.